கதை பாதியில் நிற்கும்போது புதிய விதிநூல் வந்தால்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, மேசையில் உட்கார்ந்து டைஸ் உருட்டி ஆளுக்கொரு கேரக்டராக ஆடும் கதை விளையாட்டைப் பற்றி ஹட்டன் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "நாங்கள் ஐந்து பேர். இரண்டு வருடமாகப் போயா லீவுகளில் கூடி டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடுகிறோம். கதை நடத்துவது நான். எங்களிடம் இருப்பது 2014 புத்தகம், கேரக்டர்கள் எல்லாம் ஏழாம் லெவல். இப்போது ஒருவருடைய மச்சான் வெளிநாட்டிலிருந்து 2024 விதிநூலைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். இரண்டு பேர் உடனே மாறுவோம் என்கிறார்கள். பாலடின் (புனித வீரன்) விளையாடுபவர், மாறினால் இனி வரமாட்டேன் என்கிறார். என்ன செய்யட்டும்? பழைய புத்தகம் இனி வீண்தானா?"

வீணே இல்லை. ஓடுகிற கதையைப் பழைய விதியிலேயே முடியுங்கள். புதிய விதியை வேறொரு சின்னக் கதையில் ஆடிப் பாருங்கள்.

முதலில் அந்தப் பாலடின் நண்பரைப் பற்றிப் பேசவேண்டும். அவர் பிடிவாதம் பிடிக்கிறார் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். 2014 விதியில் பாலடினின் அடி பட்டதும், ஸ்பெல் ஸ்லாட் (ஸ்பெல், அதாவது மந்திரம், போட இருக்கும் அளவான வாய்ப்பு) ஒன்றைச் செலவழித்து, காயத்தைக் கூட்டும் 'டிவைன் ஸ்மைட்' சேர்க்கலாம். அதற்குத் தனி ஆக்ஷன் தேவையில்லை. ஐந்தாம் லெவலிலிருந்து தன் முறை வரும்போது இரண்டு அடி அடிக்கலாம், இரண்டிலும் சேர்க்கலாம். 2024-இல் அதே ஸ்மைட் ஒரு ஸ்பெல் ஆகிவிட்டது. போனஸ் ஆக்ஷன், அதாவது ஒரு முறைக்கு ஒன்றே கிடைக்கும் சின்னச் செயல், கேட்கும். அதனால் ஒரு முறைக்கு ஒன்றுதான், அதையும் எதிரி மந்திரவாதி இடைமறிக்கலாம். இரண்டு வருடம் பார்த்துப் பார்த்து வளர்த்த கேரக்டரின் பெரிய பலமே அதுதான். அதைக் கதை நடுவில் பிடுங்கினால் யாருக்குத்தான் மனம் நோகாது?

மாறவேண்டும் என்கிற இருவர் எந்தக் கிளாஸ் (கேரக்டரின் வகை) என்று நீங்கள் எழுதவில்லை. மங்க் (துறவி) அல்லது ஃபைட்டர் (போர்வீரன்) என்றால் அவர்கள் ஆசையும் நியாயம்தான். மங்கின் கையடிக்கு உருட்டுவது முதல் லெவலில் நான்கு முக டைஸாக இருந்தது, இப்போது ஆறு முகம். ஃபைட்டருக்கு ஆயுதத்துக்கு ஆயுதம் தனி வித்தை வந்திருக்கிறது: பெரிய வாளை வீசித் தவறினாலும் எதிரிக்குக் கொஞ்சம் காயம் உண்டு. ஆக, ஒரே புத்தகம் ஒருவருக்குக் கொடுத்திருக்கிறது, இன்னொருவரிடமிருந்து எடுத்திருக்கிறது. உங்கள் மேசையில் நடப்பது இவ்வளவுதான்.

இந்தச் சண்டை புதிதும் இல்லை. 2008-இல் இந்த விளையாட்டின் நான்காம் பதிப்பு வந்தபோது, அதற்கு முந்தைய 3.5 பதிப்பின் விதியைக் கைவிட மனமில்லாதவர்கள் ஏராளம். அந்த 3.5 விதி, மற்றவர்களும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறந்த உரிமத்தில் இருந்ததால், 2009-இல் பாத்ஃபைண்டர் என்ற வேறொரு விளையாட்டு அதன் மேலேயே எழும்பியது, பெரிய கூட்டம் அந்தப் பக்கம் போனது. அதற்கும் முன்பே, 2006-இல், 'ஓஸ்ரிக்' என்ற பெயரில் முதல் பதிப்பின் விதிகளைத் திரும்ப எழுதி இலவசமாகக் கொடுத்தவர்களும் உண்டு. பதிப்பு மாறும்போது எல்லாரும் மாறியே ஆகவேண்டும் என்று ஒருநாளும் இருந்ததில்லை.

நான் அந்த நான்காம் பதிப்புக் காலத்தில், ஓடிக்கொண்டிருந்த கதையின் நடுவிலேயே விதியை மாற்றினேன். எங்கள் மந்திரவாதியின் தாளில் இரண்டு பக்கத்துக்கு இருந்த ஸ்பெல்கள் கைவிரலில் எண்ணுகிற அளவுக்குச் சுருங்கின. அந்த நண்பர் ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த முறை வரவும் இல்லை. அது இன்றைக்கும் எனக்கு வருத்தம். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

நம் வீடுகளில் 304 சீட்டு விளையாடுவதை யோசித்துப் பாருங்கள். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20 என்ற புள்ளி எங்கேயும் ஒன்றுதான். மற்றதில் வீட்டுக்கு வீடு வழக்கம் வேறு. புதிதாக ஒருவர் வந்து உட்கார்ந்தால் "இங்கே எப்படி?" என்று கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிப்போம். தாள் பிரித்த பிறகு யாரும் வழக்கத்தை மாற்றுவதில்லை.

சரி, புதிய நூலிலிருந்து இப்போதே எதுவும் எடுக்கக்கூடாதா? எடுக்கலாம், எல்லாருக்கும் ஒரே மாதிரி நன்மை தருவதை மட்டும். குணமாக்கும் மருந்தைக் குடிக்க முழு ஆக்ஷன் வேண்டாம், போனஸ் ஆக்ஷன் போதும் என்பது அப்படி ஒன்று. 'கியூர் வூண்ட்ஸ்' என்ற குணமாக்கும் ஸ்பெல்லுக்கு ஒரு எட்டு முக டைஸுக்குப் பதில் இரண்டு என்பதும் அப்படியே. அந்த மருந்து விதியை எத்தனையோ மேசைகளில் தாங்களே வைத்துக்கொண்ட ஹவுஸ் ரூலாக ஆடிக்கொண்டிருந்தார்கள், பிறகுதான் அது புத்தகத்தில் ஏறியது. ஆனால் ஒருவர் பழைய கிளாஸ், இன்னொருவர் புதிய கிளாஸ் என்று ஒரே கதையில் கலக்காதீர்கள். பழைய சாகசக் கதைகளைப் புதிய விதியில் ஆடலாம் என்று வெளியீட்டாளர் சொல்வது உண்மைதான். அதற்காகப் பாதி வளர்ந்த கேரக்டர்கள் நோகாமல் மாறிவிடும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

காசு விஷயமும் இருக்கிறது. ஐந்து பேரும் புத்தகம் வாங்கத் தேவையே இல்லை. 2023 ஜனவரியில் அந்தத் திறந்த உரிமத்தை மாற்றப்போய் விளையாடுபவர்களிடமிருந்து பெரிய எதிர்ப்பு வந்ததும், விளையாட்டை வெளியிடும் விசார்ட்ஸ் நிறுவனம் பின்வாங்கி 2014 விதிகளின் அடிப்படைத் தொகுப்பை, யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டுவிட்டது. 2024 விதிகளின் தொகுப்பும் 2025 ஏப்ரலில் அப்படியே வந்தது. இரண்டையும் இலவசமாக இறக்கி, வேண்டிய பக்கங்களை மட்டும் டவுனில் பிரிண்ட் எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒரு கிளைதான், அதாவது ஒரு உட்பிரிவுதான், அதில் இருக்கும். ஆடிப் பார்க்க அது தாராளம்.

சின்னக் கதையை மூன்றாம் லெவலில் தொடங்குங்கள். புதிய விதியில் எல்லாக் கிளாஸும் தன் கிளையைத் தேர்ந்தெடுப்பது அந்த லெவலில்தான். இரண்டு போயாவுக்குள் முடிகிற கதை போதும். பாலடின் நண்பரை வேறு கிளாஸ் எடுக்கச் சொல்லுங்கள், அப்போது இழப்பு கண்ணில் படாது. அப்புறம், அந்தக் கதையை நடத்தும் பொறுப்பை மாறுவோம் என்று கேட்ட இருவரில் ஒருவரிடம் கொடுத்துவிட்டு, இரண்டு வருடமாக நடத்திக்கொண்டே இருக்கிற நீங்களும் ஒரு கேரக்டரோடு உட்காருங்கள்.