முகம் மட்டும் ஏன் அழிந்தது?

கேள்வி: இங்கிலாந்துக் கிராமத் தேவாலயம் ஒன்றில், 1870களில் இறந்த ஒரு குழந்தையின் நினைவாக வைத்த வண்ணக் கண்ணாடிச் சன்னலைப் பார்த்தோம். யவீருவின் மகளை இயேசு எழுப்பும் காட்சி. அங்கியின் நீலம் பளிச்சென்று இருக்கிறது. இயேசுவின் முகமோ வெறும் வெள்ளைக் கண்ணாடி. யாராவது தேய்த்து அழித்துவிட்டார்களா?
– வாசகி, ஈசூன்

பதில்: தேய்த்திருக்கலாம். ஆனால் கோளாறு பெரும்பாலும் சூளையிலேயே தொடங்கியிருக்கும். அங்கியின் நீலம் பூசியதல்ல. கண்ணாடியை உருக்கும்போதே கோபால்ட் சேர்த்து வந்த நிறம். என்ன தேய்த்தாலும் போகாது. கண், மூக்கு, தாடி, துணி மடிப்பின் நிழல் எல்லாம் வேறு சங்கதி. இரும்பு ஆக்சைடும் கண்ணாடித் தூளும் குழைத்த கறும்பழுப்புப் பூச்சு அது. 600 டிகிரி செல்சியசுக்கு மேல் சுட்டால்தான் கண்ணாடியோடு உருகி ஒட்டும். 1860, 70களில் சில பட்டறைகள் குறைந்த சூட்டிலேயே வேலை முடியட்டும் என்று அதில் வெண்காரம் (போராக்ஸ்) கலந்தன. அந்தப் பூச்சு ஈரத்தைத் தாங்காது. குளிர்காலத்தில் சன்னலின் உட்புறம் முத்துமுத்தாக வியர்க்கும். பூச்சு இருப்பதும் உட்புறம்தான். அங்கியில் மடிப்பு போனாலும் நிறம் நிற்கும். முகம் வெள்ளைக் கண்ணாடி என்பதால் கோடு போனால் எல்லாமே போயிற்று.

கேள்வி: இயேசு உயிர்த்தெழுந்த கல்லறைக் காட்சிச் சன்னல்களில் எந்தச் சுவிசேஷம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், தெம்பனிஸ்

பதில்: தலைகளை எண்ணுங்கள். மூன்று பெண்களும் வெள்ளை அங்கி அணிந்த ஓர் இளைஞனும் என்றால் மாற்கு. மகதலேனா மரியாள் தனியாக, இரண்டு தூதர்கள் என்றால் யோவான். இயேசுவின் கையில் மண்வெட்டி இருந்தாலும் யோவான்தான். மரியாள் அவரைத் தோட்டக்காரர் என்று நினைத்தது அங்கேதான் வருகிறது. ஓவியர்கள் நான்கு சுவிசேஷங்களையும் கலப்பதுண்டு, அதனால் அடியிலுள்ள வசனத்தையும் படித்துவிடுங்கள். சிங்கப்பூரின் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்துக்குப் போனால் பீடத்துக்குப் பின்னால் ஆரம்பகாலப் பிரிட்டிஷ் நிர்வாகிகளான ராஃபிள்ஸ், கிராஃபர்ட், பட்டர்வொர்த் மூவரின் நினைவுச் சன்னல்களைப் பார்க்கலாம். போனதுதான் போனீர்கள், சுவரையும் பாருங்கள்: முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய நீர் சேர்த்த நம் மெட்ராஸ் சுண்ணாம்புப் பூச்சு.

கேள்வி: எங்கள் ஜெபக்கூடத்தில் பழைய ஈயப்பட்டைச் சன்னல் வயிறு தள்ளி நிற்கிறது. கையால் அழுத்திச் சரிசெய்யலாமா?
– வாசகர், சிராங்கூன்

பதில்: கூடவே கூடாது, கண்ணாடி விரிசல் விடும். வெயிலில் ஈயம் கண்ணாடியைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு விரியும். ஆறினாலும் முழுதாகப் பழைய நிலைக்குத் திரும்பாது. குறுக்குக் கம்பியோடு கட்டிய செம்புக் கம்பிகள் அறுந்திருந்தால் சன்னல் தன் பாரத்தைத் தானே சுமக்கிறது என்று அர்த்தம். விரல் நுனியால் மெல்லத் தட்டுங்கள். கடகடத்தால் ஈயத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே அடைத்த, ஆளிவிதை எண்ணெயும் சுண்ணப்பொடியும் சேர்ந்த மக்கு உதிர்ந்துவிட்டது. கழற்றி, தட்டையான மேசையில் படுக்கவைத்து, லேசான பாரம் வைத்து நாள்கணக்கில் மெதுவாகப் படியவிட வேண்டும். பற்றவைத்த மூட்டுகளை ஒட்டி ஈயம் வெடித்திருந்தால் புதுப் பட்டைதான். சிலிக்கான் ஒட்டுப்பசை வேண்டாம். அடுத்த முறை பிரிக்கவே முடியாது.

நம் ஊரில் ஏர்கான் ஓடும் கூடத்தில் கண்ணாடி வெளிப்புறம்தான் வியர்க்கும். பூச்சு உள்ளே இருப்பதால் அது நல்லதே. ஆனால் வழியும் நீர் அடிச்சட்டத்தில் தேங்கும், இரும்புக் கம்பி துருப்பிடித்து ஊதிக் கண்ணாடியை உடைக்கும். நீர் வடியும் துளை அடைத்திருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். ஈயத்தைத் தொட்டால் கையுறை போடுங்கள்.