பேத்தியின் நாவில் வைத்த தேன்

கேள்வி: என் பேத்திக்கு 4 மாதம். சளிக்காகத் தினமும் ஒரு துளி தேனை நாவில் தடவி வந்தேன். மருமகளுக்குத் தெரியாது. தேன், சாடின் மீன் டின், ஊறுகாய், எண்ணெயில் ஊறிய பூண்டு எல்லாவற்றிலும் ‘பொட்டுலிசம்’ என்ற நோயைத் தரும் விஷக் கிருமி இருப்பதாகவும், ஒரு துளி போதும், குழந்தை இறந்துவிடும் என்றும் வாட்ஸ்அப்பில் வந்தது. குழந்தை 3 நாளாக மலம் கழிக்கவில்லை. விளக்கெண்ணெய் கொடுக்கலாமா? (ஒரு பாட்டி, ஜெலுத்தோங், பினாங்கு)

பதில்: அம்மா, விளக்கெண்ணெய் போத்தலை மூடி வையுங்கள். கடிதத்தில் எண் இருந்ததால் படித்த உடனே உங்களை அழைத்தேன். குழந்தை எப்படிச் சப்பிக் குடிக்கிறாள், எப்படி அழுகிறாள் என்று இரண்டே கேள்விதான் கேட்டேன். நீங்கள் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து அவள் வீறிட்டாள். தொலைபேசியைக் காதிலிருந்து விலக்க வேண்டியிருந்தது. அந்தக் குரலைக் கேட்டபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. மறுநாளே கிளினிக்கில் காட்டிவிட்டீர்கள், குழந்தை நலம். அதே தேன் போத்தல் இருக்கும் மற்ற வீடுகளுக்காகவும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

நான்கு உணவுகளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எனக்குக் கனமாகத் தெரிந்தது ‘மருமகளுக்குத் தெரியாது’ என்ற வரி. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

பொட்டுலிசத்தைத் தரும் கிளோஸ்டிரிடியம் பொட்டுலினம் மண்ணில் வாழும் பாக்டீரியா. காற்றுப் பட்டால் அது வளராது. சூழல் ஒத்துவராதபோது கெட்டித் தோல் போர்த்திய வித்தாக உறங்கிக் கிடக்கும். தண்ணீர் கொதிக்கும் சூட்டிலும் அந்த வித்து சாகாது. தூசியோடு தூசியாக அது தேனுக்குள் வந்து சேரலாம். நீங்களும் நானும் அதை விழுங்கினால், குடலில் ஏற்கெனவே குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அதற்கு இடம் கொடுப்பதில்லை. வந்த வழியே போய்விடும். ஒரு வயது நிறையாத குழந்தையின் குடலில் அந்தக் காவல் இன்னும் அமையவில்லை. அங்கே வித்து முளைத்து, பெருகி, நஞ்சைச் சுரக்கலாம். நரம்பு தசைக்கு அனுப்பும் கட்டளையை அந்த நஞ்சு தடுத்துவிடுகிறது. குழந்தைகளுக்கு இப்படியும் ஒரு நோய் வரும் என்று மருத்துவ உலகம் அறிந்ததே 1976-இல், கலிபோர்னியாவில்தான். உங்களுக்குச் சேனை வைத்த பாட்டிக்கு இது தெரிந்திருக்க வழியில்லை.

கெடா காட்டிலிருந்து வந்த துவாலாங் தேன், துளியும் கலப்படம் இல்லை என்று தொலைபேசியில் சொன்னீர்கள். நம்புகிறேன். ஆனால் கலப்படமில்லாத தேனிலும் வித்து இருக்கலாம். கடைத் தேனோ, காட்டுத் தேனோ, காய்ச்சிய தேனோ, 12 மாதம் நிறையும்வரை எதுவும் வேண்டாம். பால் கொடுக்கும் தாய் தாராளமாகத் தேன் சாப்பிடலாம். தாய்ப்பால் வழியாக இந்த வித்து போவதில்லை.

ஒரு துளியில் குழந்தை இறந்துவிடும் என்பது பொய். தேனைச் சுவைத்த குழந்தைகளில் பெரும்பாலோருக்கு எதுவும் ஆவதில்லை. இந்த நோய் கண்ட குழந்தைகளில் பலர் தேனைத் தொட்டதே இல்லை. மண்ணிலும் தூசியிலும் இருந்து அவர்களுக்கு வந்திருக்கிறது. தூசியை முழுவதுமாகத் தடுக்க நம்மால் முடியாது. தேனைத் தடுக்க முடியும். இத்தனைதான் விஷயம். இரவு 2 மணிக்குக் கைப்பேசியில் இதைத் தேடிப் படித்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு. இந்த நோய் பெரும்பாலும் மலச்சிக்கலில் தொடங்கும். ஆனால் தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை சில நாள் மலம் கழிக்காமல் இருப்பதும் இயல்பே. வயிறு மெத்தென்று இருந்து, பால் குடித்து, கை கால் உதைத்தால் விட்டுவிடுங்கள். அந்தச் சிக்கலோடு குழந்தை தளர்ந்துபோனால்தான் ஆபத்து. வழக்கமாகப் பத்து நிமிடம் இழுத்துச் சப்பும் குழந்தை நாலு வாய் குடித்துவிட்டு நிறுத்தும். பால் கடைவாயில் வழியும். அழுகை பூனைக்குட்டி முனகுவதைப் போல மெலியும். இமைகள் பாதி இறங்கி நிற்கும். நீங்கள் சிரித்தால் முகத்தில் பதில் சிரிப்பு வராது. தூக்கினால் நின்ற தலை பின்னால் சாயும், உடம்பு ஈரத்துணி போலத் தொங்கும். காய்ச்சல் இருக்காது. அதனால்தான் வீட்டார் ஏமாந்துபோகிறார்கள். “இரண்டு நாளாக அழுகையே இல்லை, சமர்த்தாகப் படுத்திருக்கிறாள்” என்று ஒரு பாட்டி சொன்னால் என் வயிறு கலங்கும். 4 மாதக் குழந்தை காரணமில்லாமல் சமர்த்தாகாது. சுத்தமான விரலை அவள் வாயில் வைத்துப் பாருங்கள். ஆரோக்கியமான குழந்தை கவ்வி இழுக்கும். அந்தப் பிடி தளர்ந்திருந்தால் கிளினிக்கில் வரிசையில் காத்திருக்காதீர்கள். நேரே பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். மூச்சுத் திணறினால் அவசர எண் 999-ஐ அழையுங்கள். தளர்ச்சி மூச்சுத் தசைகளுக்கு இறங்கினால் செயற்கை சுவாசம்தான் உயிரைக் காக்கும். காலத்தோடு வந்து சேர்ந்த குழந்தைகளில் பெரும்பாலோர், சில வாரங்களோ மாதங்களோ ஆனாலும், முழுதாகத் தேறிவிடுகிறார்கள்.

இப்போது மருமகள். தளர்ந்துபோன குழந்தையைப் பார்த்ததும் மருத்துவர் முதலில் சந்தேகிப்பது இரத்தத்தில் கிருமித்தொற்றை. அதற்கு வழக்கமாகப் போடும் ஜென்டாமைசின் என்ற ஊசி, பொட்டுலிசத்தில் தசைகளை இன்னும் தளர்த்திவிடும். தேன் கொடுத்தது தெரிந்தால் சந்தேகம் இந்தப் பக்கம் திரும்பும், மலத்தைச் சோதனைக்கு அனுப்புவார்கள், மருந்து மாறும். அந்த நேரத்தில் குழந்தையின் தாய் “வேறு எதுவும் கொடுக்கவில்லை” என்று மனசாரச் சொன்னால் என்ன ஆகும்? உங்கள் மருமகளின் கோபம் நாலு நாளில் தணிந்துவிடும். இன்றைக்கே சொல்லுங்கள். அவளிடமும் நான் கேட்டுக்கொள்வது: அன்பினால் செய்தவரை அடித்துத் துரத்துவது போலப் பேசாதே அம்மா, பேசினால் அடுத்தமுறை யாரும் எதையும் உன்னிடம் சொல்லமாட்டார்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எலுமிச்சை ஊறுகாயைப் பற்றிக் கவலை வேண்டாம். அந்தப் புளிப்பில் இந்தப் பாக்டீரியா வளராது. தொழிற்சாலையில் அடைத்த சாடின், வித்தே அழியும் சூட்டில், சுமார் 121 டிகிரியில் வேகவைக்கப்பட்டது. பக்கவாட்டில் லேசாக நசுங்கியிருந்தால் பரவாயில்லை. மூடி உப்பியிருந்தாலோ, விளிம்பு மடிப்பில் நசுங்கியிருந்தாலோ, திறக்கும்போது பீறிட்டாலோ ருசி பார்க்காமல் எறியுங்கள்.

எண்ணெயில் ஊறிய பூண்டு விஷயத்தில் மட்டும் அந்தச் செய்தி சொன்னது சரி. பூண்டு மண்ணிலிருந்து வருவது, எண்ணெய் காற்றை அடைத்துவிடும், புளிப்பும் இல்லை. சமையல்கட்டு மேடையில் வாரக்கணக்கில் நிற்கும் அந்தப் போத்தலை இன்றே கொட்டிவிடுங்கள். இனிச் செய்தால் கொஞ்சமாகச் செய்து, குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, 3 நாளில் தீர்த்துவிடுங்கள். வடக்கே தாய்லாந்தின் ‘நான்’ என்ற மாநிலத்தில் 2006-இல், உள்ளூரில் டின்னில் அடைத்த மூங்கில் குருத்தைச் சாப்பிட்டு 200-க்கும் மேற்பட்டோர் இந்த நோயில் விழுந்தார்கள். பெரியவர்களுக்கு இது கண்ணில் தொடங்கும்: பார்ப்பது இரண்டிரண்டாகத் தெரியும், இமை சரியும், நாக்கு குழறும், விழுங்க முடியாது. அப்போதும் வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம், 999-ஐ அழையுங்கள்.

சளிக்கு, மூக்கில் உப்புநீர்ச் சொட்டு போதும். பாலைக் குடிக்க முடியாமல் மூச்சு வாங்கினால் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள்.

கடைசித் துளி கொடுத்து 9 நாள் ஆகிறது என்றீர்கள். தேன் உள்ளே போனபின் நோய் தெரிய 30 நாள்வரை ஆகலாம். ஆகவே இன்னும் 3 வாரம், ஒவ்வொரு முறை பால் கொடுக்கும்போதும், அவள் எப்படிச் சப்புகிறாள் என்று நீங்களும் மருமகளும் சேர்ந்து பாருங்கள்.