நாற்பதைத் தாண்டிய உடம்பு: கேள்வி பதில்

மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய ஆண்டுகளைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். மகளிர் நோய்ப் பிரிவில் 26 ஆண்டுகள் நர்ஸாக இருந்தவள் நான். வந்த கேள்விகளும் என் பதில்களும் இதோ.

அக்கா, எனக்கு 43 வயது. ஒரு மாதம் 20 நாளில் வருகிறது, அடுத்தது 50 நாள் ஆகிறது. அதற்குள்ளாகவா?

ஆமாம் தங்கச்சி. நம் நாட்டுப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதிலேயே நின்றுவிடுகிறது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, கருமுட்டையும் ஹார்மோனும் உருவாகும் சூலகம் தடுமாற ஆரம்பிக்கும். 12 மாதம் தொடர்ந்து வராமல் இருந்தால்தான் நின்றுவிட்டது என்று கணக்கு. அதுவரை கரு தங்க வாய்ப்பு உண்டு. நாள் தள்ளிப்போனால் முதலில் கர்ப்பமா என்று பாருங்கள்.

வயது 46. பத்து நாள் போகிறது, கட்டி கட்டியாக. மாமியார் 'இந்த வயசுல அப்படித்தான்' என்கிறார். டாக்டர் கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்கிறார்.

இரண்டையும் அப்படியே ஏற்காதீர்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் நனைகிறது என்றாலும், ஏழு நாளுக்கு மேல் போகிறது என்றாலும் அது அதிக உதிரப்போக்கு. ஹீமோகுளோபின் 12க்குக் கீழ் இருந்தாலே ரத்தசோகைதான். 6 வைத்துக்கொண்டு 'கொஞ்சம் அசதி, அவ்வளவுதான்' என்று நடந்தே வந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிடுகிறவர்கள். இன்றும் மனசு ஆறவில்லை.

முதலில் காரணம் தெரிய வேண்டும். ரத்தப் பரிசோதனை, தைராய்டு, ஸ்கேன், உங்கள் வயதில் கர்ப்பப்பையின் உள்சவ்வைச் சிறிது எடுத்துப் பரிசோதிப்பது, இவை முடியட்டும். பயப்படும்படி எதுவும் இல்லையென்றால், போக்கைக் குறைக்கும் மாத்திரை இருக்கிறது. காப்பர்-டி போலவே உள்ளே வைக்கும் ஹார்மோன் சாதனமும் இருக்கிறது. அதிலேயே ஆபரேஷன் தேவைப்படாமல் போனவர்கள் நிறைய.

ஆபரேஷன்தான் வழி என்று முடிவானால், 'சூலகத்தையும் எடுக்கப் போகிறீர்களா, ஏன்?' என்று கட்டாயம் கேளுங்கள். அதையும் எடுத்தால் ஹார்மோன் திடீரென்று நின்றுவிடும். உடம்புச் சூடும் எலும்புத் தேய்மானமும் பலமாக வரும்.

ராத்திரியில் நெஞ்சிலிருந்து முகம் வரை நெருப்பாக எரிகிறது, வியர்த்து நனைகிறேன். ஹார்மோன் மாத்திரை புற்றுநோய் தரும் என்கிறார்களே?

அந்தப் பயம் 2002இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்விலிருந்து பரவியது. அதில் இருந்தவர்களின் சராசரி வயதே 63. 60 வயதுக்குள், மாதவிடாய் நின்று பத்தாண்டுக்குள் தொடங்கும் ஆரோக்கியமான பெண்கள் பெரும்பாலோருக்கு நன்மையே அதிகம் என்று பிறகு தெளிவானது. மார்பகப் புற்றுநோயோ ரத்தக்கட்டோ வந்தவர்களுக்கு ஆகாது. தூக்கமே கெடுகிறது என்றால் டாக்டரிடம் கேளுங்கள், சகித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

நின்று இரண்டு வருடம் ஆகிறது. போன வாரம் லேசாகக் கறை பட்டது. சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

அம்மா, இந்த வாரமே போங்கள். ஒரு சொட்டு என்றாலும் பார்க்க வேண்டும். பெரும்பாலும் சவ்வு மெலிந்ததால்தான் இருக்கும். ஆனால் கர்ப்பப்பைப் புற்றுநோயும் இப்படித்தான் தலைகாட்டும். ஆரம்பத்திலேயே கண்டால் குணப்படுத்தலாம்.

என் மனைவிக்கு 48. சின்னதற்கெல்லாம் கோபம், அப்புறம் அழுகை. நான் என்ன செய்ய?

நீங்கள் கேட்டதே எனக்குச் சந்தோஷம், தம்பி. ராத்திரி மூன்று நான்கு முறை விழித்துவிட்டு, ஐந்து மணிக்கு எழுந்து அடுப்பைப் பற்றவைக்கிறவருக்குப் பொறுமை எங்கிருந்து வரும்? காலை டிபனை நீங்கள் பாருங்கள். 'உனக்கு அந்த வயசு' என்று மட்டும் சொல்லாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் மனச்சோர்வாக இருக்கலாம், டாக்டரிடம் அழைத்துப்போங்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிடாமல், அவர் சரி என்றால் கூடவே உள்ளே போங்கள்.