பெர்லின்ல இருக்கற நிர்வாக மேல்கோர்ட்டுல என்ன மாதிரி கேஸ் நடக்கும்?
திருட்டு, அடிதடி, பாகப்பிரிவினை எதுவும் இங்க வராதுங்க. அரசாங்க ஆபீஸ் போட்ட ஆர்டர் செல்லாதுன்னு சாதாரண மனுஷன் போடுற வழக்கு பெரும்பாலும் கீழ்கோர்ட்டு தாண்டி மேல்முறையீட்டுக்கு வர்ற இடம் இது, பெர்லின், பிராண்டன்பர்க் ரெண்டு மாநிலத்துக்கும் 2005ல இருந்து ஒரே மேல்கோர்ட்டு. ஹார்டன்பெர்க் தெருவுல இருக்கற கட்டடம் அப்ப இருந்த பிரஷ்யாங்கற ஜெர்மன் ராஜ்யத்தோட நிர்வாக மேல்கோர்ட்டுக்காகவே 1907ல கட்டி முடிச்சது, நடுவுல 1953ல இருந்து 2002ல லைப்சிக் போற வரைக்கும் மத்திய நிர்வாக கோர்ட்டும் அங்கதான் இருந்துச்சு.

ஆனா எனக்கு உசத்தியா படுறது, கட்டடம் வர்றதுக்கு முன்னாடியே 1882ல அந்த பிரஷ்ய கோர்ட்டு குடுத்த க்ராய்ஸ்பெர்க் தீர்ப்புதான். பெர்லின்ல க்ராய்ஸ்பெர்க்ங்கற குன்று மேல இருக்கற போர் நினைவுச்சின்னத்தை மறைக்கும்னு ஒருத்தருக்கு மாடி வீடு கட்ட போலீஸ் பர்மிஷன் தரல, ஆபத்தைத் தடுக்கத்தான் உங்களுக்கு அதிகாரம், ஊர் அழகைப் பாக்க இல்லன்னு கோர்ட்டு சொல்லிருச்சு, அதுவும் மன்னராட்சி நடக்கறப்பவே!