வாசகர் கேள்வி-பதில்: வாசல் கோலத்தில் வர்க்க எண்கள்

கடலூர், புதுச்சேரிப் பகுதிகளிலிருந்து அண்மையில் வந்த கடிதங்களுள் ஐந்து வர்க்க எண்களையே சுற்றிச் சுற்றி வந்ததால், இந்த இதழில் அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: மார்கழியில் ஒருநாள் 15 புள்ளியில் தொடங்கி 8 வரை இடைப்புள்ளிக் கோலம் போட்டேன். புள்ளிகளை எண்ணிப் பார்த்தபோது 169 வந்தது. அது 13இன் வர்க்கம். 7 முதல் 1 வரை இடைப்புள்ளி வைத்தால் 49 வருகிறது, அதுவும் வர்க்கம். இடைப்புள்ளி வைத்தால் எப்போதும் வர்க்க எண்தான் வருமா?
– ஒரு வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: வராது. நீங்கள் கண்ட இரண்டில் 49 என்பது என்றும் மாறாத விதியால் வந்தது. 169 என்பதோ மிக அரிதாக வாய்ப்பது. இரண்டுக்கும் காரணங்கள் வேறு.

எளியதை முதலில் பார்ப்போம். வரிசைக்கு 7 புள்ளியாக 7 வரிசைகள் சதுரமாக வைத்து, அந்தச் சதுரத்தை ஒரு மூலையிலிருந்து எதிர்மூலையை நோக்கிச் சாய்வாக எண்ணிக்கொண்டு போனால், புள்ளிகள் 1, 2, 3 என்று ஏறி, நடுவில் 7ஐத் தொட்டு, மறுபடியும் 1 வரை இறங்கும். நீங்கள் வைத்த 7 முதல் 1 வரையிலான இடைப்புள்ளிக் கோலம் இதே சதுரம்தான். சற்று நசுங்கிச் சாய்சதுரமாக நிற்கிறது, அவ்வளவே. ஆகவே எந்த எண்ணில் தொடங்கி இரு பக்கமும் 1 வரை இறங்கினாலும் மொத்தப் புள்ளிகள் அந்த எண்ணின் வர்க்கமாகவே இருக்கும்.

நேர்ப்புள்ளியில் கணக்கு வேறு. 7 நேர்ப்புள்ளி, 1 வரை என்றால் வரிசைகள் 1, 3, 5, 7, 5, 3, 1 என்று அமையும். ஒன்றிலிருந்து தொடங்கும் ஒற்றைப்படை எண்களை வரிசையாகக் கூட்டினால் எத்தனை எண்களைக் கூட்டினோமோ அதன் வர்க்கம் கிடைக்கும் என்பது பள்ளியில் படித்ததுதான். காரணத்தைத் தரையிலேயே பார்த்துக்கொள்ளலாம்: மூன்றுக்கு மூன்று புள்ளிச் சதுரத்தை நான்குக்கு நான்காக வளர்க்க, பக்கத்தில் 3, கீழே 3, மூலையில் 1 ஆக 7 புள்ளிகள் வேண்டும், அடுத்த வளர்ச்சிக்கு 4, 4, 1 ஆக 9 வேண்டும். ஆகவே மேல் பாதியின் 1+3+5+7 என்பது 16, கீழ்ப் பாதியின் 5+3+1 என்பது 9, மொத்தம் 25. அடுத்தடுத்த இரண்டு வர்க்கங்களின் கூடுதலே இந்தக் கோலம். இங்கே அந்தக் கூடுதல் தானும் ஒரு வர்க்கமாக நின்றது 3, 4, 5 என்ற பழைய செங்கோண முக்கோணத்தின் தயவால்தான். 9 நேர்ப்புள்ளி வைத்துப் பாருங்கள், 25+16 ஆக 41தான் வரும்.

இனி 15 முதல் 8 வரையிலான கோலம். இது அறுகோணம், ஒவ்வொரு பக்கத்திலும் 8 புள்ளிகள். இதன் மொத்தத்தைப் புரிந்துகொள்ள, நீளம் அகலம் உயரம் மூன்றிலும் எட்டெட்டுச் சிறு கனசதுரங்களை அடுக்கிய ஒரு பெரிய கனசதுரத்தை மனத்தில் நிறுத்தி, அதன் ஒரு மூலைக்கு நேராக நின்று பாருங்கள். மூன்று முகங்கள் கண்ணுக்குத் தெரியும். அவற்றின் வெளிவிளிம்பு அறுகோணமாக இருக்கும். முகத்துக்கு 64 வீதம் 192. முகங்கள் சந்திக்கும் மூன்று விளிம்புகளை இருமுறை எண்ணிவிட்டதால் 24ஐக் கழித்து, அதில் மூலைக்கல் அறவே விடுபட்டுப்போவதால் 1ஐக் கூட்டினால் 169. கண்ணுக்குத் தெரியும் இந்தக் கற்களை உரித்து எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஏழின் கனம். ஆக, உங்கள் கோலத்தின் புள்ளிகள் 8இன் கனத்திலிருந்து 7இன் கனத்தைக் கழித்த மிச்சம்: 512−343=169. எல்லா அறுகோணக் கோலங்களுக்கும் இது பொருந்தும். 13 முதல் 7 வரை வைத்தால் 343−216=127; அது வர்க்கம் அன்று.

எப்போது வர்க்கமாகும்? நடுவரிசைப் புள்ளிகளின் வர்க்கத்தை 3ஆல் பெருக்கி 1ஐக் கூட்டினால், அது மொத்தப் புள்ளிகளின் சரியாக நான்கு மடங்கு. நான்கு ஒரு வர்க்கம் என்பதால், இப்படிக் கிடைக்கும் எண் முழு வர்க்கமாக இருந்தால் மட்டுமே கோலமும் வர்க்கமாகும். உங்கள் 15க்கு 225×3+1=676; அது 26இன் வர்க்கம். ஒரு வர்க்கத்தைக் குறிப்பிட்ட எண்ணால் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் இன்னொரு வர்க்கம் வரவேண்டும் என்ற இந்தக் கேள்வியை 628ஆம் ஆண்டிலேயே இந்தியக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் ஆராய்ந்து, ஒரு விடையிலிருந்து அடுத்த விடையைச் சமைக்கும் வழியையும் தந்திருக்கிறார். அவ்வழியில் போனால், 15க்கு அடுத்துப் பொருந்தும் நடுவரிசை 209. அதாவது 209 புள்ளியில் தொடங்கி 105 வரை இடைப்புள்ளி வைத்தால் 32,761 புள்ளிகள் வரும். அது 181இன் வர்க்கம். வாசலில் முடியாது; கடற்கரையில் வேண்டுமானால் முயலலாம். நடுவில் ஒன்றுகூட இல்லை என்பதால், அன்றாடம் போடும் அறுகோணக் கோலங்களில் 15–8 ஒன்றுக்குத்தான் இந்தச் சிறப்பு.

கேள்வி: 11, 111, 1111 என்று ஒன்றுகளாலேயே ஆன எண்களில் ஏதாவது ஒன்று முழு வர்க்கமாக இருக்குமா? கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தவரை இல்லை.
– பள்ளி மாணவர், நெல்லிக்குப்பம்

பதில்: எத்தனை ஒன்றுகள் போட்டாலும் இருக்காது. வர்க்கம் 2, 3, 7, 8 என்னும் இலக்கங்களில் முடியாது என்ற வழக்கமான சோதனை இங்கே உதவாது. ஏனென்றால் 81, 121 போல 1இல் முடியும் வர்க்கங்கள் உண்டு. 4ஆல் வகுத்துப் பாருங்கள். இரட்டைப்படை எண்ணின் வர்க்கம் மீதியின்றி வகுபடும். ஒற்றைப்படை எண்ணின் வர்க்கம் 1 மீதி தரும். நூறு 4ஆல் வகுபடுவதால் எந்த எண்ணின் மீதியையும் அதன் கடைசி இரண்டு இலக்கங்களே முடிவு செய்கின்றன. 11ஐ 4ஆல் வகுத்தால் மீதி 3. அதோடு முடிந்தது. கால்குலேட்டர் பத்து இலக்கம் வரை காட்டும். இந்த இரண்டு வரி வாதம் முடிவில்லாத வரிசை முழுவதற்கும் பதில் சொல்லிவிடுகிறது.

கேள்வி: திண்ணைப் பள்ளியில் குழிமாற்று மனப்பாடம் செய்ததைப் பற்றி என் பாட்டனார் சொல்லக் கேட்டிருக்கிறேன். பெருக்கல் செய்யாமலே வர்க்க வாய்ப்பாடு எழுத முடியுமா?
– ஒரு வாசகர், பாகூர்

பதில்: குழிமாற்று என்பது பழைய வாய்ப்பாட்டு நூலான எண்சுவடியில் வர்க்கங்களைச் சொல்லும் பகுதி, நிலத்தைக் குழிக் கணக்கில் அளப்பதற்கு அது தேவைப்பட்டது. பெருக்காமல் எழுதத் தாராளமாக முடியும். ஒரு பத்தியில் 1, 3, 5, 7 என்று இரண்டிரண்டாகக் கூட்டிக்கொண்டு போங்கள். பக்கத்துப் பத்தியில் அவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு வாருங்கள். 30இன் வர்க்கம் 900 என்று தெரிந்தால், 61ஐச் சேர்த்து 961, மேலும் 63ஐச் சேர்த்து 1024. ஒரே குறை, இடையில் ஓரிடத்தில் தவறினால் அதற்குப் பின் வருவன அனைத்தும் தவறும். ஆகவே பத்துக்கு ஒருமுறை 400, 900, 1600 என்று சரிபார்த்துக்கொள்வது நல்லது.

வேறுபாடுகளைக் கூட்டிக் கூட்டியே அட்டவணை அமைக்கும் இந்த முறையை இயந்திரத்திடம் ஒப்படைக்க முனைந்தவர் சார்லஸ் பாபேஜ். 1822இல் அவர் செய்து காட்டிய சிறு மாதிரி, 41, 43, 47, 53, 61 என்று 2, 4, 6, 8 வேறுபாட்டில் வளரும் வரிசையைக் கணக்கிட்டது. ஏறக்குறைய அதே காலத்தில் நம் புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக் கணிதர், நினைவில் வைத்திருந்த வாய்ப்பாடுகளையும் தரையில் பரப்பிய சோழிகளையும் மட்டும் கொண்டு, 1825 மே 31இல் தொடங்கிய சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை ஆங்கிலேயரிடம் பணிபுரிந்த ஜான் வாரன் என்ற படை அதிகாரி பதிவு செய்திருக்கிறார். அது வர்க்கக் கணக்கு அன்று என்றாலும், எழுதுகோல் இல்லாமல் எவ்வளவு தூரம் போக முடிந்தது என்பதற்காக இங்கே சொல்கிறேன். கிரகணத்தின் தொடக்க நேரத்தில் அவர் கணிப்பு 4 நிமிடமே பிசகியது.

கேள்வி: போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். 1, 4, 9, 16 என்ற வரிசையின் அடுத்த எண் 25 என்கிறார்கள். வேறு எண் எழுதினால் அது தவறு என்று நிரூபிக்க முடியுமா?
– ஒரு வாசகர், வில்லியனூர்

பதில்: முடியாது; இவ்வகை வினாக்களின் மேல் எனக்கு உள்ள மனக்குறையே அதுதான். இப்படி ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: ஓர் எண்ணின் வர்க்கத்தோடு, அந்த எண்ணிலிருந்து 1, 2, 3, 4 ஆகியவற்றைத் தனித்தனியே கழித்தால் வரும் நான்கு எண்களின் பெருக்கற்பலனைக் கூட்ட வேண்டும். முதல் நான்கு இடங்களில் அந்தப் பெருக்கற்பலன் பூச்சியம் என்பதால் 1, 4, 9, 16 அப்படியே வரும். ஐந்தாம் இடத்தில் 25+24 ஆக 49 வரும். வேடிக்கை என்னவென்றால் அதுவும் ஒரு வர்க்கமே. பெருக்கற்பலனை வேண்டிய அளவு மாற்றிக்கொண்டால் ஐந்தாம் இடத்தில் எந்த எண்ணையும் வரவழைக்கலாம். விதியைச் சொல்லாமல் சில உறுப்புகளை மட்டும் கொடுத்தால் அடுத்ததற்கு ஒற்றை விடை கிடையாது என்பதைத் தேர்வு நடத்துவோர் வினாத்தாளிலேயே ஒப்புக்கொண்டால் நன்றாக இருக்கும். ஆயினும் தேர்வு அறையில் நீங்கள் 25 என்றே எழுதுங்கள்.

நான்கு உறுப்புகள் போதாது, நாற்பது போதுமா என்று கேட்பீர்கள். மேலே பாபேஜ் கணக்கிட்டதாகச் சொன்ன வரிசையையே எடுத்துக்கொள்ளலாம். ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அந்த எண்ணையும் 41ஐயும் கூட்டி வருவது அது. கணித மேதை ஆய்லர் கவனித்துச் சொன்ன குடும்பத்தைச் சேர்ந்தது. பூச்சியம் முதல் 39 வரை நாற்பது எண்களுக்கும் கிடைப்பன எல்லாம் பகா எண்கள். அதை நம்பி நாற்பதை இட்டால் 1600+40+41=1681; அது 41இன் வர்க்கம். வரிசையில் முதன்முதலாகப் பகா எண் அல்லாமல் போவதே ஒரு முழு வர்க்கம்தான்.

கேள்வி: எங்கள் தெருவில் 49 வீடுகள். என் வீடு 35. எனக்கு முன்னுள்ள வீட்டு எண்களைக் கூட்டினாலும், பின்னுள்ளவற்றைக் கூட்டினாலும் ஒரே தொகை வருகிறது. இது தற்செயலா?
– ஒரு வாசகர், லாசுப்பேட்டை

பதில்: பழைய எண்ணா, புதிய எண்ணா என்று நீங்கள் எழுதவில்லை, எதுவாயினும் கணக்கு சரி. இரு பக்கமும் 595 வரும். முன்னுள்ள 1 முதல் 34 வரையிலான கூடுதலின் இரு மடங்கு 34×35. அதோடு உங்கள் 35ஐயும் சேர்த்தால் 35×35. ஆகவே தெருவின் எல்லா எண்களின் கூடுதல் உங்கள் வீட்டு எண்ணின் வர்க்கமாக இருந்தால்தான் இந்தச் சமன் அமையும். 1 முதல் 49 வரையிலான கூடுதல் 1225. அது 35இன் வர்க்கம்.

இது புகழ்பெற்ற புதிர். 1914 டிசம்பரில் லண்டனின் ஸ்டிராண்ட் இதழில், 50க்கும் 500க்கும் இடைப்பட்ட வீடுகள் உள்ள தெரு என்ற நிபந்தனையோடு வெளிவந்தது. கேம்பிரிட்ஜில், பின்னாளில் புள்ளியியல் அறிஞராகப் புகழ்பெற்ற மகலனோபிஸ் அதை வாசித்துச் சொல்ல, அடுப்பில் காய்கறி கிளறிக்கொண்டிருந்த இராமானுஜன், 288 வீடுகளில் 204 என்ற ஒரு விடையோடு நில்லாமல், எல்லா விடைகளையும் தரும் தொடர் பின்னம் (பின்னத்துக்குள் பின்னமாக நீண்டுகொண்டே போவது) ஒன்றையே சொல்லிவிட்டார். (கடலூரைத் தலைநகராகக் கொண்ட அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்துக்கும் அவருக்கும் ஒரு தொடர்பு உண்டு. இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்த வி. இராமசாமி ஐயர் திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்தபோது, தம் நோட்டுப் புத்தகங்களோடு அவரைத் தேடிப் போனவர் இராமானுஜன்.)

அந்தத் தொடர் பின்னத்தை ஒவ்வொரு படியிலும் நிறுத்தினால் கிடைக்கும் பின்னங்களை நாமே எழுதலாம். வீடுகளின் எண்ணிக்கையையும் அதற்கு அடுத்த எண்ணையும் பெருக்கினால், ஒரு வர்க்கத்தின் இரு மடங்கு வரவேண்டும் என்பதே நிபந்தனை. அடுத்தடுத்த இரண்டு எண்களுக்குப் பொதுக் காரணி இல்லாததால், அவற்றில் ஒன்று வர்க்கமாகவும் மற்றது வர்க்கத்தின் இரு மடங்காகவும் இருந்தாக வேண்டும். உங்கள் தெருவில் 49 என்பது 7இன் வர்க்கம். 50 என்பது 5இன் வர்க்கத்தின் இரு மடங்கு. ஏழையும் ஐந்தையும் பெருக்கினால் உங்கள் வீட்டு எண். இத்தகைய இணைகள் 3/2, 7/5, 17/12, 41/29 என்று செல்லும்: மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் கூட்டினால் அடுத்த கீழ் எண், அதோடு பழைய கீழ் எண்ணை மறுபடியும் கூட்டினால் அடுத்த மேல் எண். இவை இரண்டின் வர்க்கமூலத்தை மேன்மேலும் நெருங்கும் பின்னங்கள். வேள்வி மேடைகளை அளந்து அமைக்கும் முறை சொல்லும் பழைய நூல்களான சுல்ப சூத்திரங்களில் வரும் 577/408 என்ற மதிப்பும் இதே வரிசையில் உள்ளது.

3/2 தருவது 8 வீட்டுத் தெருவில் 6ஆம் எண். 17/12 தருவது இராமானுஜனின் 204. 41/29 தருவது 1681 வீட்டுத் தெருவில் 1189ஆம் எண். உங்கள் தெருவில் ஐம்பதாவது வீடு எழும்பினால் சமன் போய்விடும். அதன் பிறகு தெரு 288 வீடுகளாக நீளும் வரை யாருக்கும் அது திரும்பக் கிடைக்காது.