ஹெல்மெட்டில் மாட்டிக்கொண்டு பைக் ஓட்ட எந்த ஆக்‌ஷன் கேமரா வாங்கலாம்?

மலைப்பாதைகளில் ஓட்டுவதைப் பதிவு செய்ய ஹெல்மெட் கேமரா வேண்டும், கோப்ரோவா, டிஜேஐயா, இன்ஸ்டா360ஆ என்று கேட்டிருக்கிறீர்கள். கம்பெனியை அப்புறம் பார்ப்போம். ஹெல்மெட்டில் கேமரா எந்த இடத்தில் உட்காரப்போகிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அது முடிவானால் பாதி கேமராக்கள் தானாகவே கழிந்துவிடும்.

என் பதில் தாடைதான். ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட்டின் தாடைப் பகுதியில், நடுக்கோட்டில். உச்சியில் மாட்டினால் வேகம் கூடும்போது காற்று தலையைப் பின்னுக்கு இழுக்கும், தாழ்ந்த மரக்கிளையும் தட்டும். பக்கவாட்டில் மாட்டினால் கழுத்து ஒரு பக்கமாகவே பாரம் சுமக்கும். கேமரா 150 கிராம்தானே என்று தோன்றும். நாலு மணி நேரம் ஓட்டிவிட்டு இறங்கும்போது அந்த 150 கிராம் எங்கே இருந்தது என்று கழுத்தே சொல்லும்.

தாடையில் வைத்தால் ஹேண்டில்பார், ஸ்பீடோமீட்டர், இரண்டு கண்ணாடிகள், முன்னால் போகும் சாலை எல்லாம் ஒரே காட்சிக்குள் வரும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது இதன் அருமை தெரியும். வளைவுக்குள் நுழையும் முன்பே நம் கண் வளைவு முடியும் இடத்தைத் தேடும், தலை திரும்பும், கேமராவும் கூடவே திரும்பும். ஹேண்டில்பாரில் மாட்டிய கேமரா அந்த நேரத்தில் பக்கச்சுவரைத்தான் காட்டிக்கொண்டிருக்கும். இன்னொன்றும் உண்டு. வண்டி சாயும்போதும் நாம் தலையை முடிந்தவரை நேராகவே வைத்துக்கொள்கிறோம். அதனால் அடிவானம் பெரிதாகச் சாயாது, வண்டியின் சாய்வு மட்டும் தனியாகத் தெரியும். பார்ப்பவருக்குத் தானே ஓட்டுவதுபோல் இருப்பது இதனால்தான்.

தாடை மவுண்டில் இரண்டு வகை. ஒன்று, ஹெல்மெட்டைச் சுற்றிப் பட்டையால் கட்டுவது. மற்றது, உங்கள் ஹெல்மெட் மாடலின் வளைவுக்கு ஏற்ப வார்த்த, பசை நாடாவால் ஒட்டுவது. பட்டை வகையை எளிதில் கழற்றலாம், ஆனால் கூர்மையான தாடை உள்ள ஹெல்மெட்டில் மெல்லக் கீழே நழுவும். நான் ஒட்டும் வகையைத்தான் சொல்வேன். ஒட்டும் இடத்தை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். தின்னர், பெட்ரோல் வேண்டவே வேண்டாம், பாலிகார்பனேட் அல்லது ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் செய்த ஹெல்மெட்டின் வெளி ஓட்டை அவை பலவீனமாக்கிவிடும். ஒட்டிய பிறகு ஒரு நாள் அப்படியே விடுங்கள். அடுத்த நாள், கட்டில் மெத்தைக்கு மேலே, மவுண்டைப் பிடித்தே ஹெல்மெட்டைத் தூக்கிப் பாருங்கள். வராமல் நின்றால் சரி. தாடையில் இருக்கும் காற்றுத் துளையை மூடாமல் ஒட்டுவது முக்கியம், வெயிலில் அந்தக் காற்றுதான் நம்மைக் காப்பாற்றுகிறது. ஓட்டில் துளை போட்டுத் திருகாணி முடுக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தக் கடையை விட்டு வந்துவிடுங்கள். துளை போட்ட ஹெல்மெட் பழைய ஹெல்மெட் இல்லை.

கோணம் சரிபார்க்க, வண்டியில் ஏறி உட்கார்ந்து, ஓட்டும்போது குனியும் அளவுக்குக் குனிந்து, பின்பார்வைக் கண்ணாடியில் கேமராவின் முன்திரையைப் பாருங்கள். எண்கள் இடவலம் மாறித் தெரிந்தாலும் பதிவு ஓடுகிறதா என்பது புரிந்துவிடும். முன்திரை இல்லாத கேமராவைத் தாடையில் மாட்டுவது கண்ணைக் கட்டிக்கொள்வதுதான். கோப்ரோவின் முதன்மை மாடல்களில் ஹீரோ 9 முதலும், டிஜேஐயில் முதல் ஆஸ்மோ ஆக்‌ஷனிலும், ஆக்‌ஷன் 3 முதலும் படம் காட்டும் முன்திரை உண்டு. கையுறையோடு அழுத்தினால் பட்டன் இறங்குவது விரலுக்குத் தெரிகிறதா, ஒரே அழுத்தில் கேமரா விழித்துப் பதிவைத் தொடங்குகிறதா என்பதையும் கடையிலேயே பாருங்கள். காற்றில் குரல் கட்டளையை நம்ப முடியாது.

அடுத்து ஒலி. பேசிக்கொண்டே ஓட்டப் போகிறீர்கள் என்றால் கேமரா தேர்வையே இது மாற்றிவிடும். கேமராவில் இருக்கும் மைக்கில் காற்றின் இரைச்சல்தான் கேட்கும். மைக் ஹெல்மெட்டுக்குள், கன்னப் பஞ்சின் ஓரத்தில், வாய்க்குப் பக்கவாட்டில், நுரை உறையோடு இருக்க வேண்டும். கோப்ரோவில் வயர் மைக் செருக மீடியா மாட் போன்ற தனி இணைப்பு தேவை, அது தாடையில் பருமனையும் எடையையும் கூட்டும். ஹீரோ 12, 13 இரண்டும் புளூடூத் மைக்கை ஏற்கும், ஹெல்மெட் இன்டர்காம் (ஓட்டிக்கொண்டே பேச உதவும் புளூடூத் கருவி) வைத்திருப்பவர்களுக்கு அது வசதி. டிஜேஐ ஆக்‌ஷன் 5 ப்ரோ அதே கம்பெனியின் வயர்லெஸ் மைக்கோடு ரிசீவர் இல்லாமலே நேரடியாக இணையும். பேசி வீடியோ எடுப்பவர்களுக்கு நான் ஆக்‌ஷன் 5 ப்ரோவைச் சொல்வது இந்த ஒரு காரணத்துக்காகவே.

படத் தரம் இப்போது எல்லாவற்றிலும் நன்றாகவே இருக்கிறது. வேறுபாடு சாயங்காலத்தில்தான். வெளிச்சம் குறையும்போது ஷட்டர் மெதுவாகும், அப்போது ஒவ்வொரு குலுக்கலும் கறையாக இழுத்துக்கொள்ளும், ஸ்டெபிலைசேஷன், அதாவது குலுக்கலைச் சமன் செய்யும் வசதி, எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதைத் திருத்த முடியாது. ஆக்‌ஷன் 4, 5 ப்ரோவின் சென்சார் (ஒளியை வாங்கிப் படமாக்கும் சில்லு) 1/1.3 அங்குலம், ஹீரோ 12, 13இல் அதைவிடச் சிறிய 1/1.9. சென்சார் பெரிதானால் வெளிச்சமும் அதிகம் வாங்கும். மர நிழல் அடர்ந்த வால்பாறைப் பாதையில் அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

4கேயில் நொடிக்கு 30 ஃபிரேம் போதும். 60 வைத்தால் பேட்டரியும் சீக்கிரம் தீரும், சூடும் ஏறும். ஓடும்போது காற்று குளிரவைக்கும், மே மாத வெயிலில் சிக்னலில் நிற்கும்போதுதான் கேமரா அணைந்துபோகும். மற்ற துணைப் பொருட்களுக்கு முன்னால் இரண்டாவது பேட்டரி வாங்குங்கள். மெமரி கார்டு வி30 தரத்தில், அதாவது நொடிக்குக் குறைந்தது 30 மெகாபைட் எழுதும் வேகத்தில் இருக்கட்டும். நொடிக்கு 100 மெகாபிட் என்று பதிவானால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி, அதாவது 128 ஜிபி கார்டு மூன்று மணி நேரம்கூடத் தாங்காது.

இன்ஸ்டா360 கோ 3எஸ் 39 கிராம்தான், கழுத்துக்கு அதைவிடச் சுகமானது இல்லை. ஆனால் கூட வரும் திரைப்பெட்டி இல்லாமல் தனியாக ஓடினால் ஒரு மணி நேரம் வராது. சின்னச் சின்னத் துண்டுகளாக எடுப்பவருக்கு நல்லது. அதே கம்பெனியின் 360 பாகை கேமராக்கள் அருமையானவை, ஆனால் அவற்றின் இடம் வண்டியில் பொருத்திய குச்சியின் நுனி, ஹெல்மெட் இல்லை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2022இல் கேரள மோட்டார் வாகனத் துறை ஹெல்மெட்டில் கேமரா பொருத்துவோருக்கு 1000 ரூபாய் அபராதமும் மூன்று மாதம் வரை உரிம நிறுத்தமும் என்று அறிவித்தது. விபத்தில் கேமராவே முகத்திலும் தலையிலும் காயத்தை மோசமாக்குகிறது என்பது அவர்கள் சொன்ன காரணம். அது பொருளற்ற பயம் இல்லை. ஹெல்மெட்டின் ஓடு வழவழப்பாக இருப்பது தரையில் வழுக்கிப் போவதற்காக, துருத்தும் எதுவும் அதைத் தடுத்துத் தலையைத் திருகிவிடும். அதனால் மவுண்ட் முடிந்தவரை ஓட்டோடு ஒட்டியதாக, நீளக் கை இல்லாததாக இருக்கட்டும். மலக்கப்பாறை வழியாக அதிரப்பள்ளி போகிறீர்கள், போடி வழியாக மூணாறு போகிறீர்கள் என்றால் செக்போஸ்ட்டுக்கு முன்பே கழற்றி மார்புப் பட்டைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் வண்டிகளில் மார்புக் காட்சியும் நன்றாகவே வரும். குனிந்து ஓட்டும் ஸ்போர்ட்ஸ் பைக்கில் டேங்க்தான் தெரியும்.

ஆக, பேசி எடுப்பதென்றால் ஆக்‌ஷன் 5 ப்ரோ. வேகமும் வழித்தடமும் வீடியோவில் தெரிய வேண்டுமென்றால் ஜிபிஎஸ் உள்ள ஹீரோ 13, ஹீரோ 12இல் அது கிடையாது. கையில் காசு குறைவென்றால் இவற்றின் முந்தைய மாடல்களைத் தேடுங்கள். சில ஆயிரங்களுக்கு 4கே என்று விற்பவற்றில் பல, சின்னப் படத்தை இழுத்துப் பெரிதாக்குபவைதான். எதை வாங்கினாலும் பில்லில் இந்திய வாரன்டி இருக்கிறதா என்று கேளுங்கள், கடைக்குப் போகும்போது ஹெல்மெட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.