அம்மா வீட்டைத் தம்பி பெயருக்கு எழுதப் போகிறார். மகளாக நான் குறுக்கே நிற்கலாமா?

சட்டப்படி பதில் ஒரு வரிதான். அம்மா சொந்தமாகச் சம்பாதித்த வீடு என்றால் அவர் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். அவர் இருக்கும்வரை நமக்கு அதில் ஒரு செங்கல்கூடக் கிடையாது. ஆனால் நீங்கள் கேட்பது அதுவல்ல என்று நினைக்கிறேன்.

ஆறு வருடங்களுக்கு முன் எங்கள் வீட்டிலும் இதேதான் நடந்தது. அம்மா ஓய்வு பெற்ற ஆசிரியை. மயிலாடுதுறையில் கடன் வாங்கி அவர் கட்டிய வீடு. அப்பா போன பிறகு தம்பி குடும்பத்தோடு அங்கே வந்துவிட்டான். நான் கோயம்புத்தூரில் இருந்தபடி, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போய், "அம்மா மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாரா?" என்று தம்பி மனைவியை விசாரித்துவிட்டுத் திரும்புகிற மகள். அந்த விசாரணை அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்பது எனக்கு மிகவும் தாமதமாகத்தான் உறைத்தது.

தான செட்டில்மெண்ட், அதாவது உயிரோடு இருக்கும்போதே வீட்டை எழுதிக் கொடுக்கும் பத்திரம், பதிவான பிறகுதான் எனக்குச் சொன்னார்கள். "பணத்துக்காக இல்லை, என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே" என்று உறவினர் அத்தனை பேரிடமும் புலம்பினேன். அதில் பாதிதான் உண்மை. ஏழு மாதம் அம்மாவோடு பேசவில்லை.

பிறகு போனபோது கொல்லையில் முருங்கை காய்த்துத் தொங்கியது. பக்கத்து வீட்டு அக்கா வந்து நான்கு காய் கேட்டார். அம்மா தொரட்டியைக் கையில் எடுத்தார், எடுத்தவர் நின்றார். சமையலறைப் பக்கம் திரும்பி, "நாலு காய் பறித்துக் கொடுக்கட்டுமா?" என்று மருமகளிடம் கேட்டார். அவள் பதறிப்போய், "என்னிடம் ஏன் அத்தை கேட்கிறீர்கள்?" என்றாள். அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை. யாரும் அம்மாவை ஒன்றும் சொல்லவில்லை. பென்ஷன் வருகிறது, நேரத்துக்குச் சாப்பாடு வருகிறது. ஆனாலும் அந்த மரத்தை நட்டவர் அம்மா.

அன்று இரவு பத்திரத்தை வாங்கிப் படித்தேன். "அன்பு பாசத்தின் காரணமாக" என்று பத்திரம் எழுதுபவர் எல்லோருக்கும் போடுகிற வாசகம். அம்மா கடைசிவரை அங்கே இருப்பதைப் பற்றி ஒரு சொல் இல்லை. பதிவாகிக் கையளித்துவிட்ட செட்டில்மெண்டை எழுதியவரே நினைத்தபடி ரத்து செய்ய முடியாது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் 23ஆம் பிரிவு இருக்கிறது: கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்து, வாங்கியவர் கவனிக்காமல் விட்டால், கோட்டாட்சியரிடம் மனு கொடுத்து அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்கலாம். அந்த நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் இன்னொரு வழக்கில், முதியவர்களுக்குச் சாதகமாகத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றும் சொன்னது. எங்கள் வீட்டில் வழக்குக்கு வேலையே இல்லை. தம்பி நல்லவன். நல்லவனுக்கு எழுதும்போது நிபந்தனை எதற்கு என்று அம்மாவும் நினைத்தார், அவனும் நினைத்தான்.

உங்கள் வீட்டில் இன்னும் பதிவாகவில்லை என்கிறீர்கள். எழுதுவதைத் தடுக்காதீர்கள். கூட இருந்து பார்ப்பவனுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று ஒரு தாய் நினைப்பதில் தவறு இல்லை. "என் ஆயுள்காலம் முழுவதும் வீட்டை நானே அனுபவித்து வருவேன்" என்ற வரியும், பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் மட்டும் பத்திரத்தில் ஏறட்டும். உயில் எழுதினால் இன்னும் நல்லது; மனம் மாறினால் மாற்றிக்கொள்ளலாம்.

இதை நீங்கள் போய்ச் சொல்லாதீர்கள். உங்கள் வாயிலிருந்து வந்தால் பங்கு கேட்பதாகத்தான் காதில் விழும். தாய்மாமா இருந்தால் அவரை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள், தம்பியும் கூட இருக்கும்போது.